அருவிக்கு வராத நோய்

தென்பாண்டிச் சீமையில் ஒருவருடைய பேச்சோ நடத்தையோ சற்றே நிலை தவறிக் காணப்பட்டால், 'இவனைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போய்த் தலையில் தண்ணீர் விடுங்கள்' என்று சொல்வது நெடுங்கால வழக்கம். இன்று அது பெரும்பாலும் பரிகாசமாகவே சொல்லப்படுகிறது என்றாலும், திரிகூட மலையின் மூலிகைகளைத் தழுவி இறங்கும் நீர் உச்சந்தலையில் இடைவிடாது விழுந்தால் கலங்கிய சித்தம் தெளியும் என்ற பூரணமான நம்பிக்கையோடு, சித்தப் பிரமை கொண்ட மகனையோ மனைவியையோ கைப்பிடியாக அழைத்து வந்து பேரருவியின் அடியில் நிறுத்திக் கண்ணீரோடு காத்திருந்த குடும்பங்களின் அனுபவம் அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களின் சாரலில், எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் நுழையும் உல்லாசக் கூட்டத்தின் நடுவே, இத்தகைய துயரத்தோடு வந்தவர்களும் அங்கே எப்போதும் இருந்திருக்கிறார்கள். குற்றாலத்தில் வாழ்ந்த இலக்கிய ரசிகர் ரசிகமணி டி.கே.சி.யின் விருந்தினர்களாக வந்து ஸ்நானமும் கவிதையும் அனுபவித்துச் சென்ற பெரியோர்கள் கண்ட குற்றாலம் ஒன்று. இவர்கள் கண்ட குற்றாலம் மற்றொன்று.

இந்த நம்பிக்கையை மூடத்தனம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது, விஞ்ஞானத்தின் பேரால் செய்யப்படும் அவசரமாகவே எனக்குத் தோன்றுகிறது. மனோவியாதிக்கு நீரைக் கொண்டு சிகிச்சை செய்தவர்கள் நாம் மட்டுமல்லர். ஐரோப்பிய, அமெரிக்க மனநோய் ஆஸ்பத்திரிகளில் சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரை, நோயாளிகளை மணிக்கணக்கில் வெந்நீர்த் தொட்டியில் படுக்கவைப்பது அங்கீகாரம் பெற்ற வைத்தியமாகவே இருந்தது. நம் சித்த வைத்தியமோ மனத்தின் கோளாறுகளைக் 'கிரிகை' என்ற பெயரால் பதினெட்டு வகையாகப் பிரித்து, எண்ணெய், நசியம், கியாழம் என்று அவற்றுக்கு மருந்து வகுத்திருக்கிறது. இன்னொரு சான்றும் உண்டு; அது நீரைப் பற்றியதன்று, தங்கும் இடத்தைப் பற்றியது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த கடுமையான மனநோயாளிகள் 31 பேரை, அவர்கள் வந்தபோதும் புறப்படும்போதும் பரிசோதித்து, பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் 2002ஆம் ஆண்டு 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஏட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே மந்திரமோ விசேஷச் சடங்கோ இல்லை. குடும்பத்தார் ஒருவர் உடனிருக்க, ஏறக்குறைய ஆறு வாரம் அமைதியாகத் தங்கி, கோயிலின் சிறு வேலைகளில் பங்குகொண்டதைத் தவிர வேறு சிகிச்சையும் இல்லை. அப்படியிருந்தும் நோயின் கடுமையைக் காட்டும் மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆதரவான இடம், துணைக்கு ஒரு மனிதர், திட்டாமல் அடிக்காமல் நடத்தும் சுற்றம் ஆகியவற்றுக்கு இருக்கும் சக்தியை அளந்து காட்டிய ஆய்வு அது.

ஆனால் அதே பக்தியும் அதே நம்பிக்கையும் ஆதரவை இழந்து வியாபாரமாகும்போது என்ன நேரும் என்பதையும் இந்த நாடு கண்டிருக்கிறது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கீற்றுக் கொட்டகைக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த காரணத்தால் எழுந்து ஓட இயலாமல் 28 மனிதர்கள் மாண்டார்கள். மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்று திட்டமாகத் தடைவிதித்திருக்கிறது. அந்தத் தடையின் ஒவ்வோர் எழுத்தும் ஏர்வாடியின் சாம்பலால் எழுதப்பட்டது என்றால் மிகையாகாது.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும் நோயைப் பற்றியது. தனக்குத் தானே பேசிக்கொள்பவன், உடையை மறந்து தெருவில் திரிபவள், யாரோ தன்னைக் கொல்ல வருவதாக அலறுபவன் என்று ஊரார் காண வெளிப்படும் கடும் நோயையே நாம் குற்றாலத்துக்கும் கோயிலுக்கும் கொண்டு போயிருக்கிறோம். இவற்றைவிடப் பன்மடங்கு பரவலாக இருக்கும் மனச்சோர்வும் மனப்பதற்றமும் அருவிக்கரைக்கு வருவதே இல்லை. அவை சேலையை ஒழுங்காக உடுத்திக்கொண்டு, வீட்டு வேலைகளை முடித்துவிட்டு, தென்காசி அரசு மருத்துவமனையிலும் ஆலங்குளம், கடையம், பாவூர்ச்சத்திரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் புறநோயாளிச் சீட்டு வாங்கி, மூட்டுவலிக்காரருக்கும் காய்ச்சல்காரருக்கும் நடுவே பெஞ்சில் அமர்ந்திருக்கின்றன. நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 34,802 வயது வந்தவர்களிடம் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அச்சமயத்தில் ஏதேனும் ஒரு மனக்கோளாற்றோடு இருந்ததாகவும், மனச்சோர்வு, மனப்பதற்றம் போன்ற பொதுவான மனக்கோளாறு உடையவர்களில் நூற்றுக்கு 85 பேர் உரிய சிகிச்சை இன்றியே இருந்ததாகவும் கண்டது. அந்த 85 பேரில் மிகப் பலர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவர்கள் என்று எண்ணிவிடலாகாது. அவர்கள் மிதிக்கிறார்கள், மீண்டும் மீண்டும் மிதிக்கிறார்கள், வேறொரு நோய்க்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். ஆலங்குளத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிற, நாற்பது வயது கடந்த ஒரு பெண்மணி. பதினைந்து வயது முதல் பீடி சுற்றுகிறவர். மடியில் சுளகை வைத்துக் குனிந்து உட்கார்ந்து, நனைத்த இலையைத் தகட்டு அளவுக்குக் கத்தரித்து, தூளை நிரப்பிச் சுருட்டி, தலையை மடித்து நூலால் கட்டி, நாளைக்கு ஆயிரம் எண்ணிக் கடையில் கொடுக்க வேண்டிய தொழில். கணவர் வளைகுடா நாட்டில். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நகை அடகில் இருக்கிறது. டாக்டரிடம் அவர் சொல்வது: "நெஞ்சு படபடன்னு வருதுய்யா. கை காலெல்லாம் குடைச்சல். தலை கிறுகிறுங்கு. ஒரு சத்து ஊசி போட்டு விடுங்க." காலை முதல் நூறு பேரைப் பார்த்துவிட்ட வைத்தியர், இரத்த அழுத்தம் பார்த்து, ஒரு வைட்டமின் ஊசியும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்புகிறார், இரண்டு வாரத்தில் அதே அம்மாள் அதே பெஞ்சில். தனியார் மருத்துவரிடம் போனால் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள், அடுத்து ஈ.சி.ஜி.; அதன்பின் திருநெல்வேலிக்குப் போய் ஸ்கேன். எல்லாம் நார்மல் என்ற பதிலைக் கேட்டுக் குடும்பத்தாருக்கு ஏற்படும் கோபமும், தன் உபாதை பொய்யென்று கருதப்படுகிறதே என்று அவருக்கு ஏற்படும் அவமானமும் நோயை மேலும் ஆழமாக்குகின்றன.

அவர் பொய் சொல்லவில்லை. துக்கம் உடம்பின் வழியாகப் பேசுவது தமிழ்ப் பெண்களுக்கு மட்டும் உரிய விசேஷமும் அன்று. உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் நடத்திய ஆய்வொன்றின் முடிவு 1999இல் வெளியாயிற்று. அதில், மனச்சோர்வு நோய் உறுதிசெய்யப்பட்ட 1,146 பேரில் 69 சதவீதத்தினர் உடல் உபாதைகளை மட்டுமே காரணமாகச் சொல்லி வைத்தியரிடம் வந்திருந்தார்கள். ஆனால் நேரிடையாகக் கேட்டபோதும் மனத்துயர் எதுவுமில்லை என்று மறுத்தவர்கள் அந்த 1,146 பேரில் சுமார் 11 சதவீதத்தினரே. எவ்வளவு பெரிய உண்மை இது! கேட்டால் சொல்லக் காத்திருக்கிறார்கள், கேட்பாரில்லை.

அந்த ஆலங்குளத்து அம்மாளை, உடன் வந்த மாமியாரைச் சற்றே வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு வைத்தியர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "அம்மா, ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?" அவர் சொல்கிறார்: "படுக்கப் பதினோரு மணி ஆகும்யா. மூணு மணிக்கெல்லாம் முழிப்பு தட்டிரும். அப்புறம் ஒறக்கமே பிடிக்காது." "முன்ன மாதிரி எதுலயாவது மனசு ஒட்டுதா?" சற்று மௌனம். "இந்த வருஷம் அம்மன் கோயில் கொடைக்குக்கூடப் போகல்லய்யா. வீட்டுக்குள்ளயே கெடந்தேன். ஆயிரம் சுத்துற கை ஐந்நூறு தாண்ட மாட்டேங்கு." ஓராண்டு முழுதும் ஊரே எதிர்பார்த்திருக்கும் கொடைக்கு, வில்லுப்பாட்டும் பொங்கலும் உறவினர் வருகையும் நிறைந்த அந்த நாட்களுக்கு, நடக்கக் கால் இருந்தும் ஒரு பெண் போகவில்லை என்றால், எந்த இரத்தப் பரிசோதனையும் அதைவிடத் தெளிவாக நோயைக் காட்டாது. மனம் வாடியிருத்தல், விருப்பமான காரியங்களிலும் நாட்டமின்மை என்னும் இரண்டில் ஒன்றேனும் இருக்க, தூக்கக் குறைவு, பசியின்மை, அயர்ச்சி, கவனச் சிதறல், தன்னைத் தானே பழித்துக்கொள்ளுதல், சாவைப் பற்றிய எண்ணம் முதலியவற்றில் பலவும் சேர்ந்து, இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நாளின் பெரும்பகுதியும் நீடித்து, அன்றாட வாழ்வையும் தடைப்படுத்தினால் அது மனச்சோர்வு நோய் என்று வைத்திய சாஸ்திரம் நிர்ணயிக்கிறது. கவலையே பிரதானமாகி, எதைப் பற்றியும் ஏதேனும் தீங்கு நேருமென்ற அச்சம் மாதக்கணக்கில் விடாமல் நின்றால் அது மனப்பதற்ற நோய். திடீரென்று சில நிமிஷங்களில் உச்சத்துக்கு ஏறி, நெஞ்சடைத்து வியர்த்து, 'இதோ உயிர் போகிறது' என்ற பீதியைத் தந்து தணிவது பீதித் தாக்குதல். நடைமுறையில் இவை தனித்தனியே வருவதைக் காட்டிலும் கைகோத்து வருவதே அதிகம் என்பதை, புத்தகத்தை மட்டும் படித்த இளம் வைத்தியர்கள் சீக்கிரமே அறிந்துகொள்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மனத்தைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் உடம்பை மறந்துவிடுவதும் பெரும் பிழை. தைராய்டுச் சுரப்பி மந்தமானால் மனச்சோர்வு போலவும், மிகையானால் மனப்பதற்றம் போலவும் தோற்றம் தரும். இரத்தசோகை அயர்ச்சியாக வரும். நீரிழிவும் சில மருந்துகளும் இதே வேஷத்தைப் போடும். பீடித் தூளின் நெடியில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவருக்கு நுரையீரலும் பரிசோதிக்கப்பட வேண்டும். அத்துடன், கடந்த காலத்தில் எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம் பொங்கி, தூக்கமே வேண்டாமல், கைப்பணத்தைக் கண்டபடி செலவழித்து, ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் உண்டா என்று குடும்பத்தாரைக் கேட்டே ஆக வேண்டும். இருந்திருந்தால் அது இருமுனை நோயாக இருக்கலாம். அவருக்குச் சோர்வு நீக்கும் மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறு துருவத்துக்குத் தள்ளிவிடும் அபாயம் இருக்கிறது.

நோயின் அளவை மதிப்பிட ஒன்பது வினாக்கள் கொண்ட பி.எச்.கியூ-9 என்ற வினாப்பட்டியல் உலகெங்கும் வழங்குகிறது. 27 மதிப்பெண்ணில் பத்தோ அதற்கு மேலோ வந்தால் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பது பொதுவான வரையறை. இது பயனுள்ள கருவியே. ஆயினும் அதை அச்சிட்ட தாளாகக் கையில் கொடுத்து நிரப்பித் தரச் சொன்னால், 'சில நாட்கள்', 'பாதி நாட்களுக்கு மேல்' என்ற கட்டங்களின் முன் நம் கிராமத்து மனிதர்கள் திகைத்து நிற்பார்கள். அதே வினாவைப் பேச்சுவாக்கில் கேட்டு, கொடைக்குப் போனீர்களா, சமையலில் ருசி தெரிகிறதா, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறீர்களா என்று வாழ்க்கையோடு ஒட்டி விசாரிக்கும் செவிலியர் ஒருவர், எண்ணோடு எண்ணுக்குப் பின்னிருக்கும் மனிதரையும் சேர்த்துக் கண்டுவிடுவார்.

ஒன்பதாவது வினா சாவைப் பற்றியது. வைத்தியர்களே கேட்க நாக்கூசும் வினா. கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் அதற்குக் காரணம். அந்தப் பயம் ஆதாரமற்றது என்று ஆய்வுகள் பலமுறை காட்டிவிட்டன. 'இப்படி இருப்பதைவிடப் போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்று தோன்றியதுண்டா?' என்று மெல்லத் தொடங்கி, எண்ணம் மட்டுமா, முயற்சிக்கான யோசனையும் உண்டா என்று படிப்படியாகக் கேட்கும்போது, வந்தவர் முகத்தில் தோன்றுவது பெரும்பாலும் ஒரு பாரம் இறங்கிய நிம்மதியே. சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரிடம் நடந்த உலக சுகாதார நிறுவன ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஒரு மணி நேர உரையாடலும், அடுத்த பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை 'எப்படி இருக்கிறீர்கள்?' என்ற விசாரிப்பும் சேர்க்கப்பட்டன. அவர்களில் தற்கொலையால் மாண்டவர் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம். விலையுயர்ந்த மருந்தொன்று இந்தப் பலனைத் தந்திருந்தால் அதன் பெயர் ஊரெங்கும் விளம்பரத் தட்டியாகத் தொங்கியிருக்கும். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்லியிருப்பதை நம் காவல் நிலையங்களும் ஆஸ்பத்திரி வாசல்களும் இன்னும் முழுமையாக ஏற்க வேண்டும்.

சிகிச்சை விஷயத்தில் ஜனங்கள் அஞ்சுவது ஒன்று. அஞ்ச வேண்டியது வேறொன்று. ஃப்ளூவாக்செட்டின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளை, 'ஆயுசு முழுக்க விட முடியாது, ஆளை அடிமையாக்கிவிடும்' என்று பயந்து ஒதுக்குகிறவர்களே, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரையை வருஷக்கணக்காக விழுங்குகிறார்கள். உண்மை நேர்மாறானது. அல்பிரசோலம் முதலிய மருந்துகளே நாலைந்து வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் பழக்கத்தில் பிணைத்துக்கொள்ளும் இயல்புடையவை. மனச்சோர்வு மாத்திரையோ பலன் தர இரண்டு முதல் நாலு வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் குமட்டலும் சற்றே படபடப்பும் தரலாம். குணம் கண்ட பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து, பின்னர் வைத்தியர் சொல்படி சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தலாம். இந்த நாலு வாக்கியங்களை மருந்துச்சீட்டோடு சேர்த்துச் சொல்லாத காரணத்தால், ஐந்தாம் நாள் குமட்டல் கண்டு மாத்திரையைக் குப்பையில் போட்டவர்களும், இரண்டாம் மாதம் தேறியதும் தாமே நிறுத்தி நான்காம் மாதம் பழையபடி வீழ்ந்தவர்களும் ஏராளம்.

லேசான நோய்க்கு மாத்திரையே தேவையில்லாமல் போகலாம். பேச்சும் பயிற்சியும் போதும். இதற்குப் பெரிய பட்டம் பெற்ற நிபுணர்தான் வேண்டுமென்பதும் இல்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவுமில்லாத சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உடையவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தச் செய்தார்கள். விக்ரம் பட்டேலும் அவர் குழுவினரும் நடத்திய இந்த ஆய்வின் முடிவு 2017இல் 'லான்செட்' ஏட்டில் வந்தது: மூன்று மாதத்தில் நோய் தணிந்தவர் இவர்களில் 64 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். அந்த அமர்வுகளின் அடிப்படை மிக எளியது. மனம் சரியானபின் காரியம் செய்யலாம் என்று காத்திராமல், ஒரு காலத்தில் மகிழ்ச்சி தந்த சிறு காரியமொன்றை, மனம் ஒப்பாவிட்டாலும் இன்றே திட்டமிட்டுச் செய்வது. செய்ததை எண்ணிப் பார்ப்பது. அடுத்த வாரம் சற்றே பெரிதாக்குவது. நம் ஆலங்குளத்து அம்மாளுக்கு அது, சுளகை ஒதுக்கிவைத்துவிட்டு மாலையில் கால்மணி நேரம் பக்கத்துத் தெருத் தோழியின் வீடு வரை நடந்து வருவதாக இருக்கலாம். சாரல் காலத்தில் ஒருநாள் குழந்தைகளோடு குற்றாலத்து ஐந்தருவிக்குப் போய்வருவதாகவும் இருக்கலாம். அருவிக்கு உரிய இடத்தை அறிவியல் மறுக்கவில்லை என்பதை இங்கே காணலாம். மருந்துக்குப் பதிலாக இல்லாமல், மருந்தோடும் பேச்சோடும் சேர்ந்த ஓர் இன்பமாக அது அமைய வேண்டும்.

ஆண்களின் கதை வேறு. அவர்களுடைய துயரம் பெரும்பாலும் மதுக்கடையின் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. குடியை மட்டும் கண்டித்து அனுப்பாமல் அதன் அடியில் கிடக்கும் சோர்வைத் தேட வேண்டும் என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

தூரமும் ஒரு வியாதியே. நெடுங்காலம் தமிழ்நாட்டின் ஒரே அரசு மனநோய் மருத்துவமனை சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், தென்காசியிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. தென்காசிக்கு அருகிலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிகளில் இருந்தமையால், அருகருகே இருந்த இந்த இரண்டு ஊராருக்கு இரண்டு வெவ்வேறு ராஜதானிகள் ஆஸ்பத்திரிக்கான இலக்காக இருந்தன என்பது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டு, 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டம் நடைமுறைக்கு வந்து, தமிழ்நாட்டில் முதலில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானதும் சிகிச்சை ஓரளவு அருகில் வந்திருக்கிறது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவித் தொலைபேசி எண் தமிழிலும் பதில் சொல்கிறது. தூரம் இவ்வளவு குறைந்த பிறகும் எஞ்சி நிற்கும் தடை, 'பைத்தியக்கார டாக்டரிடம் போகிறாள்' என்ற சொல் வரன் பார்க்கும் வீட்டின் காதில் விழுந்துவிடுமோ என்ற அச்சமே. இதற்காகவே, தனி மனநல ஆஸ்பத்திரிகளைக் கட்டுவதைக் காட்டிலும், இரத்த அழுத்த மாத்திரை வாங்கும் அதே ஜன்னலில், அதே வரிசையில் இந்தச் சிகிச்சையும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அவ்வாறு கிடைக்கச் செய்வோர் கவனிக்க வேண்டியவை சிறு காரியங்களே. பீடிக்கடைக்குக் கணக்கு ஒப்படைக்கும் நேரத்தில் மனநலப் புறநோயாளிப் பிரிவை வைத்தால் ஆலங்குளத்துப் பெண்கள் வரமாட்டார்கள். ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் கூலி போயிற்று. மூன்றாவது வாரம் வரவேண்டியவர் வராவிட்டால் செவிலியர் ஒருவர் தொலைபேசியில் விசாரிக்க வேண்டும்; போன் மகனிடமோ மாமியாரிடமோ இருக்கும் வீடுகளில் என்ன சொல்லி விசாரிப்பது என்பதையும் முதல் நாளே அந்த அம்மாளிடம் கேட்டுச் சீட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். மாத்திரை ஒரு மாதத்துக்கு மொத்தமாகக் கிடைக்க வேண்டும். சாவைப் பற்றிய எண்ணம் உடையவருக்கு மட்டும் ஒரு வாரத்துக்கு மிகாமல், வீட்டில் நம்பகமான ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த கொடை எப்போது என்று கேட்டு, அதற்கு முன் ஒரு முறை வரச் சொல்லி, தேதியையும் அப்போதே குறித்துக் கொடுக்க வேண்டும்.